இரும்பில் கட்டிய ஈயல்

யாத்தல் என்னும் சொல்லுக்குக் கட்டுதல் என்பது பொருள். செய்யுளைக் கட்டும் இலக்கணம் யாப்பு எனப் பெயர் பெற்றது அதனாலேயே ஆகும். தொடுக்கப்பட்ட பூ தொடை. எதுகையும் மோனையும் தொடையே. இவை இவ்வவையோர் நன்கறிந்த செய்திகள். அதே யாத்தல் என்னும் சொல் தமிழ்ச் செய்யுளில் தூண்டிற் கோலுக்கும் ஆளப்பட்டிருக்கிறது என்பது மட்டும் பலருடைய நினைவில் தங்குவதில்லை. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையில் ஒரு பாண்மகன் நெடிய மூங்கிற் கழையில் நாணைக் கட்டிக்கொண்டு நீரோரம் நிற்கிறான். வாளைமீன் இரையை மட்டும் கவ்விக்கொண்டு போய்விடுகிறது; வளைந்த வாயுடைய இரும்பு தனித்துக் கிடக்கிறது. பிழைத்துப்போன அந்த மீன், பிறகு கரையோரப் பிரம்பின் நிழல் நீரில் அசைவதைக் கண்டு, அதுவும் தூண்டிற்கோலோ என்று அஞ்சுகிறது. ஏமாற்றத்திலிருந்து ஒருமுறை தப்பிய உயிரின் நினைவை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன புலவர் மீன்பிடிப்பவர் அருகில் நெடுநேரம் நின்று பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும்.

அகநானூற்றின் 216ஆம் பாட்டில் கோல் பிடிப்பவள் ஒரு பெண், அவளும் பாண்குடியினள். திருக்குறள் 931இல் சூதில் வென்ற வெற்றி, மீன் விழுங்கிய தூண்டிலுக்கு ஒப்பாகிறது. அங்கே தூண்டில் முள்ளைப் பொன் என்னும் சொல்லால் சுட்டுகிறார் வள்ளுவர். பரிமேலழகர் அதனை இரையால் மறைக்கப்பட்ட இரும்பு என்று விளக்கிச் செல்கிறார். இம்மூன்று இடங்களிலும் இரும்பு வேறு, இரை வேறு. இரை உண்மையான இரை. இரும்பு அதன் உள்ளே ஒளிந்திருக்கிறது.

இவ்வுரையின் பொருள் இதற்கு ஒரு படி அப்பால் உள்ளது. உண்மையான இரை எதுவும் இல்லாமல், இரும்பு முள்ளின்மேல் இறகையும் நூலையும் கட்டி, அந்த இரும்பையே ஒரு பூச்சியாகத் தோன்றச் செய்யும் கைத்தொழில் அது. ஆங்கிலேயர் இதனை வெறுமனே ஈ என்பர். சேலம், நாமக்கல் சமவெளியில் வாழும் ஒருவர் இத்தொழிலைத் தொடங்க விரும்பினால் அவர் கடல் கடந்து எதையும் வரவழைக்க வேண்டியதில்லை என்பதும், தொடங்குமுன் அவர் அறிந்திருக்க வேண்டிய ஒரு பழைய கணக்கு உண்டு என்பதுமே இங்குக் கூற விழைபவை.

இத்தொழிலின் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளுள் ஒன்று ஈலியன் என்பவருடையது. உரோமப் பேரரசுக் காலத்தில், கி.பி. இரண்டாம், மூன்றாம் நூற்றாண்டுகளை ஒட்டி வாழ்ந்து, கிரேக்க மொழியில் விலங்குகளைப் பற்றி எழுதியவர் அவர். மாசிடோனியாவின் ஓர் ஆற்றில் மீன்கள் நீர்மேல் பறக்கும் ஒருவகைப் பூச்சியை விரும்பி உண்பதையும், அப்பூச்சியைக் கையால் தொட்டாலே நிறம் கெட்டுவிடுவதையும், அதனால் மீனவர்கள் முள்ளில் சிவந்த கம்பளி நூலைச் சுற்றி, சேவலின் தாடிக்குக் கீழ் முளைக்கும் இரண்டு இறகுகளை அதன்மேல் பொருத்துவதையும் அவர் விவரிக்கிறார். ஆறடிக் கோல், அதே அளவு கயிறு. வேறு கருவி இல்லை. இங்கிலாந்தில் 1496இல் அச்சான தூண்டில் நூல் ஒன்று பன்னிரண்டு ஈக்களைக் கட்டும் முறையைச் சொல்கிறது. அந்நூலை ஒரு கன்னித்துறவியின் பெயரில் வழங்குவர். ஆய்வாளர் பலர் அதனை ஏற்பதில்லை. ஐசக் வால்டனின் புகழ்பெற்ற நூல் 1653இல் வெளிவந்தது. எனினும் ஈக்கட்டும் பகுதிக்கு வலுச்சேர்த்தவர் 1676ஆம் ஆண்டுப் பதிப்பில் தம் பகுதியைச் சேர்த்த சார்லஸ் காட்டன் என்னும் கவிஞர்.

தமிழ்நாட்டுக்கு இது வெள்ளையருடன் வந்தது. சென்னை மாகாண ஆட்சிப் பணியில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873இல் 'தி ராட் இன் இந்தியா' என்னும் நூலையும், 1887இல் ஏரி, குளங்களில் தூண்டிலிடுவதைப் பற்றி 'டேங்க் ஆங்லிங் இன் இந்தியா' என்னும் நூலையும் வெளியிட்டார். நீலகிரியில் டிரௌட் மீனைக் கொண்டுவந்து வளர்க்கும் முயற்சி 1860களில் பிரான்சிஸ் டே என்பவரால் தொடங்கப்பட்டுத் தோற்று, இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்த பிறகே நிலைபெற்றது. காவிரியிலோ மகசீர் என்னும் பெருமீன் அவர்களை ஈர்த்தது. திமிலுடைய காவிரி மகசீருக்குரிய அறிவியற்பெயர் 2018இல்தான் உறுதிப்பட்டது. அதே ஆண்டில் அது அழிவின் விளிம்பில் உள்ள உயிர்களின் பட்டியலில் இடம்பெற்றது. அணைகளும் மணற்கொள்ளையும் வெடிவைத்து மீன்பிடித்தலும் அதன் வரலாற்றை அந்நிலைக்குக் கொண்டுவந்து விட்டன. பெயர் சூட்டு விழாவும் இரங்கற்பாவும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தன எனலாம்.

இவ்வளவும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. துரைமாரின் பின்னால் பை சுமந்து சென்றவர்கள், எந்த மடுவில் எந்த மீன் எந்த மாதத்தில் மேலே வரும் என்று காட்டிக் கொடுத்தவர்கள், அவர்கள் சொன்ன சொற்கள் ஆகியவற்றுள் அந்நூல்களில் ஏறியவை சிலவே. அவையும் ஆங்கில எழுத்துக்கூட்டலில் சிதைந்து கிடக்கின்றன. தமிழில் கற்க வருபவர் முதலில் ஒரு பெயருக்கே திண்டாட வேண்டியிருக்கிறது.

ஈ என்று அப்படியே மொழிபெயர்த்தால் தமிழ்ச் செவிக்குப் பலாச்சுளையில் மொய்க்கும் ஈதான் தோன்றும். ஈ என்றால் கொடு என்றும் பொருள். இந்த ஈயோ மீனுக்கு எதையும் கொடுப்பதில்லை. பொய்யிரை என்று சொல்லலாம். அது மரத்தாலும் தகரத்தாலும் செய்யும் எல்லாப் போலி இரைகளையும் தழுவிய பொதுப்பெயர். இறகிரை என்பது பொருளைச் சரியாகக் காட்டும். ஆயினும் உயிரில்லாத சொல்லாக இருக்கிறது. வேறு வழியும் உண்டு. குளிர்நாட்டு ஓடைகளில் மீன்களை நீர்மேல் கவர்வது மே மாதத்து ஈ எனப்படும் மென்சிறகுப் பூச்சி. இந்தச் சமவெளியில் அவ்விடத்தை வகிப்பது ஈசல். கோடைமழை பெய்த மாலையில் புற்றிலிருந்து அவை புறப்படுகின்றன. விளக்கைச் சுற்றி விழுபவை மனிதர்க்கும் கோழிக்கும். ஏரியில் விழுபவை மீனுக்கு. ஈசலின் பழைய வடிவம் ஈயல். கபிலர் பறம்பு மலையின் உணவைப் பாடும்போது (புறநானூறு 119) ஈயலையும் புளித்த மோரையும் சேர்த்தே நினைக்கிறார். ஆகவே இவ்வுரை இனி ஈயல் என்னும் சொல்லையே ஆள்கிறது. வண்டாகவோ எறும்பாகவோ கட்டினாலும் பெயர் ஈயலாகவே இருக்கட்டும். தேர்ந்தவர் வேறு பெயர் தந்தால் இச்சொல் விலகிக்கொள்ளும்.

இனிப் பொருள்கள். இப்பகுதியின் கைத்தொழில்களை ஒருமுறை மனக்கண்ணில் ஓட்டினால் ஈயலுக்கு வேண்டிய அனைத்தும் கிடைக்கும். நூலுக்கு நெசவாளர் தெரு. சேலம் வெண்பட்டு பெயர்பெற்றது. இளம்பிள்ளையிலும் ஜலகண்டாபுரத்திலும் தறிச்சத்தம் கேட்கும் தெருக்களில் பட்டின் துண்டுநூல் குப்பையாகவே கிடக்கும். ஒற்றைப் புரியாகப் பிரித்த பட்டு முள்ளில் தடிப்பில்லாமல் படியும். ஊடைநூல் சுற்றும் தார்க்குச்சி, நூலைச் சீராக விட்டுக்கொடுக்கும் கருவியாகவும் பயன்படும். மேலைநாட்டார் ஈயலின் உடலில் மினுங்கும் உலோக இழை ஒன்றைச் சுற்றுவர். அது ஜரிகையன்றி வேறில்லை. செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளில் பயன்படும் மெல்லிய கம்பியும் அதற்கு ஏற்றது; எடை கூடுவதால் நீருள் அமிழும் ஈயலுக்கு அதுவே சிறந்தது. அப்பட்டறையின் சாமணமும் சிறு குறடும் இங்கும் தேவை. முள்ளைப் பிடித்து நிறுத்த மேசையில் திருகும் சிறிய வைஸ் ஒன்று போதும். நூலில் தடவக் கொல்லிமலைத் தேன்மெழுகு. தலைக்கட்டின்மேல் ஒரு சொட்டு இடுவதற்கு நகப்பூச்சு. இதனைக் கேட்டுச் சிரிப்பவர் உண்டு, ஆயினும் அது உண்மை.

இறகுக்கு வரும்போதுதான் கதை சுவைப்படுகிறது. நாமக்கல் என்றதும் கோழி என்னும் சொல் தானாக வரும். முட்டைக்காக இலட்சக்கணக்கில் வெள்ளை லெகார்ன் கோழிகளை வளர்க்கும் ஊரில் இறகுக்கா பஞ்சம் என்று தோன்றும். ஆனால் நீர்மேல் மிதக்கும் ஈயலுக்கு வேண்டியது வளர்ந்த சேவலின் கழுத்திறகு. அதன் இழைகள் விறைப்பானவை. ஒட்டாமல் தனித்தனியே நிற்பவை. நீரின் மேற்பரப்பில் காலூன்றி நிற்கக்கூடியவை. முட்டைப் பண்ணையில் சேவலுக்கு வேலையில்லை. பொரிப்பகத்திலேயே ஆண்குஞ்சுகள் பிரிக்கப்பட்டு முதல்நாளே ஒழிக்கப்படுகின்றன. அவ்வளவு பெரிய கோழிநகரில் சேவலின் கழுத்திறகு அரிதாக இருப்பதன் காரணம் அதுவே. பண்ணைப் பெட்டையின் இறகு மென்மையானது, நீரை உறிஞ்சுவது. அமிழும் ஈயலுக்கு அது நன்று. வெண்மையாக இருப்பதால் எந்தச் சாயமும் ஏறும்: தேயிலைக் கசாயத்தில் பழுப்பு, மஞ்சளில் மஞ்சள். மஞ்சளின் நிறம் வெயிலில் வெளுக்கும் என்பதை மட்டும் மனத்திற் கொள்ள வேண்டும்.

மிதக்கும் ஈயலுக்கு நாட்டுச் சேவலைத்தான் நாட வேண்டும். பண்டிகை நாளின் மறுநாள் காலையில் கிராமத்து வீடுகளின் பின்புறம் வேண்டிய இறகு கிடைக்கும். நோயால் இறந்த கோழியின் இறகைத் தொடலாகாது. மற்றவற்றைச் சீயக்காய்த் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, அந்துப்பூச்சி அண்டாமல் கற்பூரத்துடன் வைத்தால் ஆண்டுக்கணக்கில் இருக்கும். சேவற்கட்டுக்காரர்கள் காகம், மயில், வல்லூறு என்று தம் சேவல்களை நிறத்தால் வகைப்படுத்திப் பெயரிடுவது இத்தொழிலுக்குப் பெருந்துணை. ஆங்கில ஈக்கட்டுநர்களும் இறகின் நிறங்களுக்குத் தனிச்சொற்கள் வைத்திருக்கிறார்கள். இஞ்சி நிறம், உலை நிறம், விலங்கொன்றின் நிறம் என்பன போன்றவை. இருநாட்டாரும் ஒரே பறவையின் கழுத்தைப் பார்த்துத் தனித்தனியே சொல் உண்டாக்கியிருக்கிறார்கள். அமெரிக்காவில் கழுத்திறகுக்காகவே சேவல்களைத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து வளர்க்கும் பண்ணைகள் உள்ளன. 2011இல் அந்நாட்டுப் பெண்களிடையே கூந்தலில் நீள இறகைச் சேர்த்துப் பின்னும் மோகம் பரவியபோது, அந்த இறகுகள் கடைகளில் தீர்ந்து மீன்பிடிப்போர் புலம்பினர்.

இங்கே குறிப்பிட்ட பழைய கணக்கைச் சொல்லும் இடம் வந்துவிட்டது. சேர்வராயன், கொல்லி மலைகளின் புதர்க்காடுகளில் வாழும் சாம்பல் நிறக் காட்டுக்கோழி இந்தியாவுக்கே உரிய பறவை. இதனைச் சங்கத்தார் கானங்கோழி என்றனர். சேவலின் கழுத்திறகு கருமையானது. அதில் வெண்மையும் மஞ்சளுமாகச் சிறு பொட்டுகள் உண்டு. நுனியில் இழைகள் ஒன்றாகி அரக்கைச் சொட்டு விட்டாற்போல் பளபளக்கும். குழற்றத்தனார் பாடிய குறுந்தொகை 242இல் செவிலி தலைவியின் ஊரைச் சொல்ல வருகிறாள். அவள் முதலில் காட்டுவது கானங்கோழிச் சேவலின் புள்ளியுடைய கழுத்தும், அதன்மேல் விழும் குளிர்ந்த நீர்த்துளியும்தான். தலைவன் வேந்தன் பணியால் வேற்றூர் சென்றாலும் இரவு தங்காமல் திரும்பிவிடுகிறான் என்னும் செய்தி அதற்குப் பிறகே வருகிறது. பொட்டின்மேல் துளி, இரண்டும் ஒரே அளவு, ஒரே ஒளி. இல்லறத்தின் நிறைவைச் சொல்ல வந்த புலவருக்கு இந்த நுண்காட்சி போதுமானதாக இருந்தது.

அதே பொட்டைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேறு கண்கள் பார்த்தன. சால்மன் மீன் முட்டையிட ஆற்றில் ஏறும்போது உண்பதை நிறுத்திவிடும். ஆகவே அதற்குக் கட்டும் ஈயல் எந்தப் பூச்சியையும் ஒத்திருக்கத் தேவையில்லை. கட்டுவோரின் கற்பனைக்கும் ஆடம்பரத்துக்கும் எல்லையில்லாமற் போயிற்று. ஜார்ஜ் கெல்சன் 1895இல் வெளியிட்ட சால்மன் ஈ நூலில் உலகின் பறவைகள் பலவும் இறகு உதிர்த்திருக்கின்றன. கானங்கோழியின் பொட்டிறகு அவ்வீக்களில் பலவற்றின் கன்னத்தில் கண்ணாக அமர்ந்தது. தென்னிந்தியக் காடுகளிலிருந்து கழுத்துத்தோல்கள் கப்பலேறின. ஒரு கழுத்துக்கு ஓர் உயிர்.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இந்த வேட்டையைக் குற்றமாக்கியது. வெளிநாடுகளில் கூண்டில் வளர்த்த பறவைகளிடமிருந்தே இப்போது அவ்விறகு முறையாகக் கிடைக்கிறது. ஆனால் ஆசை சட்டத்துக்கு அடங்குவதில்லை. 2009 ஜூன் மாதத்தில் இங்கிலாந்தின் டிரிங் அருங்காட்சியகத்தில் ஓர் அமெரிக்க இசைமாணவன் சுவரேறி நுழைந்து 299 பறவைத் தோல்களைத் திருடினான். ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் சேகரித்தவையும் அவற்றுள் இருந்தன. அவற்றின் இறகுகள் பழைய பாணி ஈக்கட்டுநர்களுக்கு விற்கப்பட்டன. எப்பறவை எங்கே எந்நாளில் கிடைத்தது என்னும் சிறு சீட்டுகள் பல அத்தோல்களிலிருந்து அறுபட்டன. தோல் திரும்பக் கிடைத்தாலும் சீட்டு போனால் அறிவியலுக்கு அது ஊர்பேர் அற்ற பிணமே. அக்கலைஞர்களுள் பலர் மீன் பிடிப்பதே இல்லை என்பது இச்செய்தியின் விசித்திரமான பகுதி. கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க மட்டுமே கட்டுகிறார்கள். ஓசைக்காகவே அடுக்கப்பட்ட சித்திரகவிகள் அவையோர் சிலருக்கு நினைவு வரலாம்.

ஆகவே இங்குத் தொடங்குபவர் கானங்கோழியை விட்டுவிட வேண்டும். யாரேனும் மலையிலிருந்து கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்கலாகாது. மயிலைப் பொறுத்தவரை, தானே உதிர்ந்த தோகையை உள்நாட்டில் வைத்திருக்கச் சட்டம் இடம் தருகிறது. அதன் காம்பிலிருந்து கிளைக்கும் இழை ஒவ்வொன்றும் வெண்கலப் பச்சையாய் மினுங்கி, வண்டின் உடலுக்கு இணையற்ற பொருளாகும். கானங்கோழியின் பங்கு நாமக்கல் கோழியிடம் வேறு வழியில் வந்து சேர்ந்திருக்கிறது. வீட்டுக்கோழியின் முதன்மையான மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. ஆயினும் மஞ்சள் தோலுக்குரிய மரபணு சாம்பல் நிறக் காட்டுக்கோழியிடமிருந்து கலந்தது என்று 2008இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. பண்ணைக் கூண்டில் நிற்கும் வெள்ளை லெகார்னின் மஞ்சள் கால், குறுந்தொகைப் பறவையின் உறவைச் சொல்கிறது.

கட்டும் முறை இது. முதல் ஈயலுக்கு நடுத்தர அளவில், பன்னிரண்டாம் எண் முள் போதும். முள்ளின் உட்புறம் பின்னோக்கி நிற்கும் சிறுகூரைக் குறடால் அழுத்தி மழுக்கிவிட வேண்டும். மீனை ஊறில்லாமல் விடுவிக்க அது வழி, கட்டுபவரின் விரலுக்கும் அது நல்லது. முள்ளின் வளைவை வைஸில் பிடித்துத் தண்டு கிடையாக நிற்குமாறு அமைக்க வேண்டும். மெழுகு தடவிய நூலைக் கண்ணுக்குச் சற்றுப் பின்னால் தொடங்கி, நூலின் மேலேயே நூலை ஏற்றி வளைவுவரை நெருக்கமாகச் சுற்ற வேண்டும். இங்கே முடிச்சுக் கிடையாது. தன்மேல் தானே ஏறிய இறுக்கத்தால் நூல் நிற்கிறது. நூலின் முறுக்குத் தளராமல் இருக்க வேண்டும். அறும் எல்லைக்குச் சற்று முன்வரை இழுக்க வேண்டும். அந்த எல்லை எங்கே என்பதை முதல் நாளில் நான்கைந்து முறை அறுத்த பிறகே விரல் கற்கும்.

வளைவில் ஒரு துண்டு ஜரிகையையும் பழுப்புப் பட்டின் இரண்டு புரியையும் கட்டி, பட்டை முன்னோக்கிச் சுற்றினால் உடல் உருவாகும். ஈசலின் உடல் மெல்லியது. தடித்துவிட்டால் அது புழு. பட்டைச் சுற்றிய திசைக்கு எதிர்த்திசையில் ஜரிகையை நான்கு சுற்று விட்டால், மீனின் பல் பட்டு இழை அறுந்தாலும் உடல் பிரியாது. கண்ணுக்கு முன்னால் தண்டில் ஒரு பங்கு வெற்றிடம் இருக்க வேண்டும். தொடங்குவோர் எல்லாரும் தவறுவது இவ்விடத்தில்தான். உடலின் அழகில் மயங்கிக் கண்வரை சுற்றிவிட்டுப் பிறகு சிறகுக்கும் காலுக்கும் தலைக்கும் இடமின்றித் தவிப்பர். ஈற்றடிக்குச் சீர் போதாமல் போன வெண்பாவின் நிலை.

ஈசலுக்கு நான்கு சிறகு. நான்கும் ஒரே நீளம், உடலைத் தாண்டிப் பின்னே நிற்பவை. இரண்டு இறகு நுனிகளைத் தட்டையாக முதுகில் படிய வைத்தால் மீனுக்குப் போதும். அதன்பின் ஒரு கழுத்திறகின் அடியைக் கட்டி, நுனியைச் சாமணத்தால் பிடித்து, தண்டைச் சுற்றி நான்கு அல்லது ஐந்து சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் இழைகள் விரிந்து நிற்பதைக் காணும்போது கட்டுபவருக்கு முதன்முறையாக அது பூச்சி என்று தோன்றும். நுனியைக் கட்டி அறுத்தபின் தலை முடிச்சு. இது பூத்தொடுப்பவருக்குத் தெரிந்த முடிச்சேயாகும்: விரலில் ஒரு வளையம் எடுத்து, பொருளின்மேல் தலைகீழாக மாட்டி, இழுத்து இறுக்குதல். வாழைநாரில் மல்லிகை தொடுக்கும் கை மூன்று முறை இதனைச் செய்தால் ஈயல் முடிந்தது. இத்தொழிலில் ஆண்களைவிடப் பெண்கள் விரைந்து தேர்ச்சி பெறுவதற்கு இயற்கைக் காரணம் எதையும் தேட வேண்டியதில்லை. ஏற்கெனவே கற்ற கை அது. கென்யாவிலும் இலங்கையிலும் தாய்லாந்திலும் ஏற்றுமதிக்காக ஈக்கட்டும் தொழிற்கூடங்கள் உள்ளன. அங்கு உழைப்போருள் மிகப்பலர் பெண்கள். அவர்கள் கட்டும் ஈயல் எந்த நாட்டு ஆற்றில் எந்த மீனின் வாயில் படும் என்பதை அவர்கள் காண்பதில்லை. கொலுசுப் பட்டறையின் கையும் ஜரிகைத் தறியின் கையும் அந்நிலையை அறியும்.

கோலுக்கு விலையுயர்ந்த சுருள்பொறி வேண்டியதில்லை. ஈயலுக்கு எடை கிடையாது. எறியும்போது அதனைக் கொண்டுசெல்வது கயிற்றின் எடையே. கழையின் நுனியில் கழையளவு கனத்த கயிற்றையும், அதன் முனையில் ஒரு முழம் தங்கூசி நரம்பையும், அதில் ஈயலையும் கட்டினால் மாசிடோனியரின் முறையும் பாண்மகளின் முறையும் ஒன்றாகிவிடும். ஜப்பானியர் இன்றும் மலையோடைகளில் இப்படித்தான் பிடிக்கின்றனர். ஏரிக்கரையிலும் ஜேடர்பாளையம் படுகையணைக்குக் கீழுள்ள அமைதியான ஒதுக்குகளிலும் ஜிலேபிக் கெண்டையும் சிறு கெண்டைகளும் நீர்மேல் திரியும் வெள்ளிநிறப் பொடிமீன்களும் இதனைக் கவ்வும். விரால் பெரிதாகக் கட்டியதை எடுக்கும். ஏரி குத்தகையில் இருந்தால் குத்தகைதாரரிடம் முதலில் கேட்டுக்கொள்வது முறை. நிழல் நீரில் விழாமல் நிற்க வேண்டும். காரணத்தைப் பெரும்பாணாற்றுப்படை சொல்லியாயிற்று.

எந்த நீரிலும் எறியலாம் என்பதற்கில்லை. சேர்வராயனில் பிறந்து சேலம் நகரின் நடுவே ஓடி, நஞ்சை இடையாற்றில் காவிரியோடு சேரும் திருமணிமுத்தாறு, நகரைத் தாண்டும்போது கழிவுநீரும் சாயநீரும் கலந்த கறுப்பு நீராகிறது. முத்து என்னும் சொல்லைப் பெயரில் தாங்கிய ஆறு அது. அங்கே ஈயலை எறிந்தால் நனையும், நாறும். எழுந்து வந்து பார்க்க மீன் இருக்கும் நீரில்தான் இறகும் ஜரிகையும் பூச்சியாகின்றன.

கோடைமழைக்கு முன்னால் கட்டி வைத்துக்கொள்வது நல்லது. மழை நின்ற அந்திப்பொழுதில் ஈசல் புறப்பட்டு ஒரு நாழிகைக்குள் ஓய்ந்துவிடும். அப்போது உட்கார்ந்து நூலுக்கு மெழுகு தடவ நேரமிராது. ஆறு ஈயல்கள் இருந்தால் போதுமானது. இரண்டு கருவேலமரத்தில் சிக்கும், ஒன்று மீனோடு போகும்.